வீரய்யா பார்த்த மழை

நாகலெட்சுமி ஆறு வருடங்களாகத் தினமும் காலை எட்டரை மணிக்கு மழையை அளந்துவந்தார். தலவாக்கலைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால், முள்கம்பி வேலிக்குள் பல்கலைக்கழகம் ஒரு மழைமானியை நட்டிருந்தது. தேயிலைச் சரிவில் எவ்வளவு மழைக்கு எவ்வளவு மண் கரைந்து போகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சி. மண்ணை வாரம் ஒருமுறை அள்ளி நிறுத்தால் போதும். மழையை அப்படி விட முடியாது. ஒரு நாள் விட்டால், மறுநாள் மானியின் போத்தலில் இருப்பது எந்த நாளின் மழை என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்கு முன் பதினொரு வருடம் அவர் கொழுந்து பறித்தவர். சாதாரண தரப் பரீட்சை வரை படித்திருந்ததால் இந்த வேலைக்கு எடுத்தார்கள். ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்களே தவிர, வேலையை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அளவு கிளாஸைக் கண்மட்டத்துக்குத் தூக்க வேண்டும், தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும், குழியின் அடியைத்தான் வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் அவரே பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. புனலில் சிலந்தி வலை கட்டினால் துளி வெளியே சிதறும். அதைத் தினமும் துடைப்பார். மழையில்லாத நாளில் பூச்சியம் எழுதுவார். கோடு போடமாட்டார். கோடு என்றால் அன்று யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அவருடைய புத்தகத்தில் ஒரு கோடும் இல்லை.

நியமனக் கடிதம் தொண்ணூறு நாட்களுக்கு வரும். ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு நடுவில் ஒரு நாள் விடுவார்கள். தொடர்ந்து வைத்திருந்தால் நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்பார்கள் என்பதற்காக விடப்படும் நாள் அது. முதல் இடைவெளி நாளில் என்ன செய்வதென்று அவர் அலுவலகத்துக்குப் போன் பண்ணிக் கேட்டார்.

"அன்று நீங்கள் வேலையில் இல்லை. உங்கள் கையெழுத்து இருந்தால் கணக்காய்வில் பிடிப்பார்கள்" என்றார் எழுதுவினைஞர். "வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்."

வேறு யார் இருக்கிறார்கள்? மடுவத்துக் காவல்காரர் வீரய்யா ஒருவர்தான் பக்கத்தில் இருப்பவர். அவருக்கு எழுத்தே தெரியாது. நாகலெட்சுமி தானே போய் அளந்தார். அளவை எழுதிவிட்டு, கையெழுத்து இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அண்ணே, இன்னைக்கு மட்டும் ஒங்க பேரப் போட்டுக்கவா?"

"போட்டுக்க தங்கச்சி. சம்பளச் செக்ரோலத் தவிர வேற எந்தப் பொஸ்தகத்துலயும் எம்பேரு ஏறுனதே இல்ல. இதுலயாவது ஏறட்டும்."

நாகலெட்சுமி 'வீ' என்று ஒரு எழுத்து போட்டார். அதன் பிறகு ஒவ்வொரு இடைவெளி நாளிலும் அப்படியே செய்தார். மழையின் அளவு சரியாக இருக்கிறது, யார் பெயர் இருந்தால் என்ன என்றுதான் நினைத்தார்.

அப்படியொரு நாளில், 2019 செப்டெம்பரில், மழைமானிக்கு இறங்கும் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. இடது கையால் அளந்து, இடது கையால் எழுதிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றைய 'வீ' கோணலாக விழுந்திருந்தது. விபத்துக்கு நட்டஈடு ஏதாவது உண்டா என்று கேட்டபோது, விழுந்த நாளில் நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே என்றார்கள். மாவுக்கட்டோடு மறுநாள் காலை எட்டரைக்குப் போனார்.

போன வருடக் கடைசியில் நிரந்தரக் கள உதவியாளர் பதவிக்கு விளம்பரம் வந்தது. பட்டம் இருக்க வேண்டும், அல்லது ஐந்து வருடத் தொடர் சேவை. நடுவில் இடைவெளி இருந்தால், அந்த நாட்களிலும் வேலை செய்ததற்கு ஆவணம் காட்டலாம். வயது நாற்பத்தைந்துக்குள். வரும் மே மாதம் நாகலெட்சுமிக்கு நாற்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் இனி ஒன்று இல்லை.

அவர் ஆறு வருடப் புத்தகங்களையும் புரட்டினார். இடைவெளி நாட்கள் இருபத்துமூன்று. இருபத்துமூன்றிலும் 'வீ'.

அன்று மாலையே மடுவத்துக்குப் போனார்.

"அண்ணே, ஒரு கைநாட்டு வேணும்."

"எதுக்கு, சொத்த எழுதி வாங்கவா? இருக்கிறது இந்த டோர்ச்சு ஒண்ணுதான்."

"ஒங்களுக்கு எழுதத் தெரியாதுன்னு எழுதியிருக்கேன். நீங்க மழையே பாக்கலைன்னும் எழுதியிருக்கேன்."

"அத இந்தத் தோட்டமே சொல்லுமே. அதுக்கொரு கடுதாசியா?" என்று சிரித்துக்கொண்டே பெருவிரலை மையில் அழுத்தினார்.

நேர்முகத் தேர்வு பெப்ரவரியில். நாகலெட்சுமி முதல் பஸ்ஸில் மலையிறங்கிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். மேசைக்கு அந்தப் பக்கம் தேர்வுக் குழுத் தலைவர், நிர்வாக அதிகாரி, ஆராய்ச்சியை நடத்தும் பேராசிரியை. பேராசிரியையை அவர் மேடம் என்றுதான் கூப்பிடுவார். மேடம் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட விடுபடவில்லை என்று வெளிநாட்டு விருந்தாளிகளிடம் சொல்வார்.

பேச்சு சிங்களத்தில் நடந்தது. நாகலெட்சுமி புத்தகங்கள், வீரய்யாவின் கடிதம், ஆஸ்பத்திரி அட்டை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சொன்னார்.

"அப்படியானால் இருபத்துமூன்று இடத்தில் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?" என்றார் நிர்வாக அதிகாரி.

"என் பெயரைப் போடக் கூடாது என்று ஒஃபிஸில் சொன்னார்கள் சேர். அளவு பொய்யில்லை."

"ஆஸ்பத்திரி அட்டையில் வழுக்கி விழுந்ததாகத்தான் இருக்கிறது. குளிக்கும் பீலியடியிலும் வழுக்கி விழலாம்."

தலைவர் பேராசிரியையின் பக்கம் திரும்பினார். "இவர் சொல்வது உண்மையென்றால், நியமனம் இல்லாத ஒருவர் இன்னொருவர் பெயரில் எழுதிய பதிவு இது. இருபத்துமூன்று நாட்களையும் எடுத்துவிட வேண்டியிருக்கும். அப்படித்தானே?"

நாகலெட்சுமி மேடத்தின் முகத்தைப் பார்த்தார்.

"எடுக்கத் தேவையில்லை" என்றார் மேடம். "அந்த நாட்களில் அளந்தது காவல்காரர்தான். அவர் பார்த்துச் சொல்வார், இவர் மறுநாள் எழுதிவைப்பார். பதிவில் குறை எதுவும் இல்லை."

"இந்தக் கைநாட்டு?"

"ஒரே தோட்டத்து ஆட்கள். கேட்டால் வைத்துக் கொடுப்பார்கள்."

நாகலெட்சுமி கோணல் 'வீ' இருந்த பக்கத்தைத் திறந்து முன்னால் தள்ளினார். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பதவி ஹட்டனைச் சேர்ந்த அனோஜா என்ற பட்டதாரிப் பெண்ணுக்குக் கிடைத்தது. கெட்டிக்காரப் பெண், எல்லோரையும் போல விண்ணப்பம் போட்டுத்தான் வந்தார். முதல் வாரமே தோட்டத்துக்கு வந்து, "கொஞ்சம் சொல்லித் தாங்கக்கா" என்று கேட்டார். நாகலெட்சுமி கிளாஸைக் கண்மட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். அனோஜாவின் வேலை பெரும்பாலும் கீழே ஆய்வுகூடத்தில். தினசரி மழைக்கு நாகலெட்சுமியே தொண்ணூறு நாள் கடிதத்தில் தொடரலாம் என்று சொல்லியனுப்பினார்கள். வேறு வழியில்லாமல் அவரும் சரியென்றார்.

மார்ச் பதினான்கு இடைவெளி நாள். முந்தின நாள் மத்தியானம் பிடித்த மழை விடவில்லை. நாகலெட்சுமி தன் லயத்து வீட்டுக் காம்பராவில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். எட்டேகாலுக்கு வீரய்யா மழைக்குப் படங்கைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"என்னா தங்கச்சி, மணி ஆவுது. போகலையா?"

"இன்னைக்கு ஒங்க முறைண்ணே."

"என்னா முறை?"

"மழை பாக்குற முறை. ஆறு வருசமா நீங்கதான் பாத்தீங்களாம். மேடமே சொல்லிட்டாங்க."

வீரய்யா சிரிப்பதற்கு வாயைத் திறந்தார். நாகலெட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். படங்கை இழுத்துவிட்டுக்கொண்டு மடுவத்துக்குத் திரும்பினார். எட்டரை ஆனது. நாகலெட்சுமி கல்லிலிருந்த ரொட்டியைத் திருப்பிப் போட மறந்துவிட்டார். அது கருகியது.

மறுநாள் போத்தல் நிறைந்து வழிந்து, மீதித் தண்ணீர் அதைச் சுற்றியிருந்த வெளித் தகரக் குவளையில் நின்றது. எல்லாவற்றையும் சேர்த்து ஏழு தடவை கிளாஸில் ஊற்றி அளந்தார். பதினைந்தாம் தேதிக்கு நேரே கூட்டுத்தொகையை எழுதி, இரண்டு நாள் மழை என்று குறித்தார். பதினான்காம் தேதிக்கு நேரே ஒரு கோடு போட்டார். பக்கத்தில், ஆள் இல்லை என்று எழுதித் தன் கையெழுத்தை முழுதாக வைத்தார்.

வாரக் கடைசியில் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியதும் அனோஜா போன் பண்ணினார்.

"அக்கா, பதினாலாந் தேதி கோடு விழுந்திருக்கே. ஏதாவது ஒரு கணக்குப் போட்டுப் பிரிச்சு எழுதிடலாமா?"

"பிரிக்க முடியாதும்மா. அன்னைக்கு யாரும் பாக்கல."

"மேடம் கேப்பாங்கக்கா."

"கேக்கட்டும். இருக்கிறதத்தான் எழுதியிருக்கேன்னு சொல்லுங்க."

ஜூனில் அடுத்த கடிதம் வரவில்லை. நாற்பத்தைந்து வயதில் நாகலெட்சுமி மறுபடியும் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்துக்குப் பேர் கொடுத்தார். முறிந்த மணிக்கட்டு முன்னைப் போல் வளையவில்லை. மற்றவர்களுக்குப் பின்னால்தான் அவருடைய தேயிலை நிரை முடியும். மலைக்குப் போகும் வழி மழைமானியைத் தாண்டித்தான் போகிறது. புனலில் வலை கட்டியிருந்தது. முதல் நாள் நின்று பார்த்தார். இரண்டாம் நாளும் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை.