ராவுத்தர் பஸ்ஸின் முன் சீட்டு

1. பஸ்ஸுக்கு அடுப்பு வந்தது

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். நான் திருச்சி–துறையூர் லைனில் டிரைவராக இருந்தேன். முதலாளி காசிம் ராவுத்தருக்கு இருந்ததே ஒரு பஸ்தான். கண்டக்டர், கிளீனர் இரண்டு வேலையும் அந்தோணிக்கு. இதுதான் எங்கள் கம்பெனி.

ஒருநாள் காலை தெப்பக்குளம் ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக வந்ததும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பொடி போடுகிற ராவுத்தர், அன்று கீழேயே நின்றார்.

“மாணிக்கம், இனிமே பெட்ரோல் கெடயாதாம்ப்பா. கேஸ் பிளாண்ட் மாட்டுனாத்தான் பெர்மிட்டாம். சர்க்கார் ஆர்டர்.”

“கேஸ் பிளாண்ட்னா என்ன மொதலாளி?”

“கரி அடுப்பு.”

“பஸ்ஸுக்கா?”

“பஸ்ஸுக்குத்தான். பின்னாடி மாட்டணுமாம்.”

அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குக் கொடுத்த ரேஷன் கூப்பன் பெட்ரோலில் காலையில் என்ஜினைக் கிளப்பலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் கரிப்புகையில் ஓட வேண்டும். நிறைய வண்டி வைத்திருந்த பெரிய கம்பெனிக்காரர்கள் ஒரே வாரத்தில் மாட்டிவிட்டார்கள். ராவுத்தர் என்ன பாடுபட்டு மாட்டினார் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதி அவரைச் சிறுமைப்படுத்த மாட்டேன்.

அந்த முன் சீட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு அது. மேலே சிவப்புக் கம்பளம் விரித்திருப்பார். தோல் மண்டியில் பாதி வயதுவரை கைகட்டி நின்ற மனுஷர், தன் வண்டியில் தான் உட்கார்ந்து போக வேண்டும் என்றே இந்த பஸ்ஸை வாங்கினார். தாசில்தாரே வந்தாலும் பின்னால்தான் உட்கார வேண்டும். எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கும். ஆனால் அந்த ஆசையை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

2. தள்ளுகிற பழக்கம்

இன்றைக்கு டீசல் வண்டி ஓட்டுகிற பிள்ளைகளுக்குக் கரி பஸ் என்றால் கதை மாதிரி இருக்கும். வண்டியின் முதுகில் ஆள் உயர டிரம். அதில் கரியைக் கொட்டி, தீ மூட்டி, விசிறிச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். புகை ஒரு பில்டர் துணியில் சுத்தமாகி என்ஜினுக்குப் போகும். அந்தோணி எந்நேரமும் கரி மூட்டைக்குள்ளிருந்து எழுந்து வந்தவன் போலவே இருப்பான். சமதரையில் வண்டி ஓடிவிடும். மேடு வந்தால் படுத்துவிடும்.

எங்கள் மேடு காவேரிப் பாலத்து ஏற்றம். அங்கே வந்ததும் என்ஜின் இரும ஆரம்பிக்கும். முதல் சில நாள் நான் கெஞ்சி எல்லோரையும் இறக்கினேன். பிறகு கேட்க வேண்டியதே இல்லாமல் போயிற்று. இருமல் சத்தம் கேட்டதும் தாங்களே குதித்து, தள்ளிவிட்டு, பாலத்துமேல் வந்து ஏறிக்கொள்வார்கள். துறையூர்ப் பக்கத்து நிலத்தைப் பார்க்க அடிக்கடி வரும் ஐயங்கார் ஸ்வாமிகூட வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். தள்ளுகிறாரா, சும்மா தொட்டுக்கொண்டு வருகிறாரா என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

எல்லோருக்கும் முன்னால் இறங்குகிறவள் தங்கம்மா. துறையூர் ஓட்டல்களுக்கு வாழையிலைக் கட்டு கொண்டுபோய் விற்கிறவள். அவளும் அவளைப் போல இலை விற்கிற பெண்களும் பின் பெஞ்சில், அடுப்புச் சூட்டில் உட்கார்ந்து வருவார்கள். திட்டிக்கொண்டே தள்ளுவாள். ஆனால் தள்ளாமல் இருந்ததில்லை.

3. ட்ரையல்

பிறகு இன்னொரு ஆர்டர் வந்தது. கேஸ் வண்டிகளை முழுப் பாரத்தோடு மேட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏறாத வண்டிக்குப் பெர்மிட் ரத்து. எங்கள் லைன் எப்போது காலியாகும் என்று பெரிய கம்பெனிக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். பெர்மிட் போனால் ராவுத்தர் மறுபடி தோல் மண்டி வாசலில்தான் நிற்க வேண்டும்.

ட்ரையலுக்கு முதல் நாள் சாயங்காலம் ராவுத்தர் அந்தோணியைக் கூப்பிட்டு, “நாளைக்கு வண்டிய சோதிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாரு. வண்டி மாப்பிள்ள மாதிரி இருக்கணும்டா” என்றார். அந்தோணி அதை அப்படியே எடுத்துக்கொண்டான். வண்டியை அவன் கழுவிய கழுவலில் காவேரியில் தண்ணீர் குறைந்திருக்கும். போதாததற்கு பில்டர் துணியையும் கழற்றி, சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு மாட்டி வைத்துவிட்டான். எனக்கு அது தெரியாது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பே ராவுத்தர் பயணிகளைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். “இன்னிக்கு ஒருநாள் யாரும் எறங்காதீங்க. வண்டி இருமட்டும், நிக்கட்டும், எதுவா இருந்தாலும் எறங்கக் கூடாது.”

“நாங்க ஏன் எறங்கப் போறோம் மொதலாளி? கல்லாட்டம் உக்காந்திருப்போம்” என்றாள் தங்கம்மா.

இன்ஸ்பெக்டர் வந்தார். ராவுத்தர் தன் முன் சீட்டைக் காட்டினார். அதைக் காட்டும்போது அவர் கை சரியாக நீளவில்லை என்பதைக் கவனித்தேன்.

“வேணாம். நான் பின்னாடி பிளாண்ட் பக்கத்துல உக்காந்துக்கறேன்” என்று இன்ஸ்பெக்டர் பின் பெஞ்சில் தங்கம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ராவுத்தர் முகத்தில் ஒரு நிம்மதி. அவர் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

பாலத்து ஏற்றத்தில் கால்வாசிகூடப் போகவில்லை. என்ஜின் இருமியது. அடுத்த நிமிஷம் வண்டி லேசாயிற்று. கண்ணாடியில் பார்த்தேன். முதல் ஆளாகத் தங்கம்மா, பின்னாலேயே மொத்த வண்டியும் ரோட்டில். “ஏலேலோ” போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பின் பெஞ்சில் இன்ஸ்பெக்டர் மட்டும் தனியாக உட்கார்ந்திருக்க, வண்டி ஏறிக்கொண்டிருந்தது.

“நிறுத்துய்யா வண்டிய! யார் உங்கள எறங்கச் சொன்னது?” என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. தங்கம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். “யாரும் சொல்லலீங்க. இந்த எடத்துக்கு வந்தா காலு தானா எறங்கிடுதுங்க.”

“தெனமும் தள்றீங்களா?”

“என்னைக்காவதுங்க” என்றார் ராவுத்தர். அதே நேரத்தில் தங்கம்மா, “தெனமும்தாங்க” என்றாள். ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் குரலை இறக்கினார். “பாரத்தோட ஏறலன்னா கேன்சல் பண்ணணும். இது நான் போட்ட ஆர்டர் இல்ல, ராவுத்தரே” என்றார்.

“கேன்சல் பண்ணிட்டா நாங்க எதுல போறதுங்க?” தங்கம்மா விடவில்லை. “பெரிய கம்பெனி பஸ்ஸுல எலக்கட்ட ஏத்த மாட்டாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள தொறையூர் போகலன்னா எல வாடிப்போகும், மாட்டுக்குத்தான் போடணும். நாங்க எங்க பொழப்புக்குத் தள்றோம். தள்ளக் கூடாதுன்னு உங்க ஆர்டர்ல இருக்குதுங்களா?”

ஐயங்கார் மெல்ல முன்னால் வந்தார். “அடியேன் ஒண்ணு சொல்றேன், ஸ்வாமி. பாரம் குறைஞ்சா ஏறும்னு தோணறது. ஒரு தரம் பாத்துட்டு எழுதப்படாதோ?”

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து யோசித்தார். “சரி. பின் பெஞ்ச எடுத்துடுங்க. அந்த வரிசை ஆளுங்களும் வேணாம், நின்னுட்டு வர்றவங்களும் வேணாம். ஏறுச்சுன்னா அந்த கண்டிஷன்ல பெர்மிட்.”

நான் பில்டரைத் திறந்தேன். தண்ணீர் சொட்டியது. ஈரத் துணியில் புகை எப்படிப் போகும்? அந்தோணியை அன்று திட்டிய திட்டு என் வாயால் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. துணியைப் பிழிந்து, பானெட் சூட்டில் உலர்த்தி மாட்டினோம். பின் பெஞ்சைக் கழற்றி ரோட்டோரம் வைத்தோம். வண்டியைக் கீழே கொண்டுபோய் மறுபடி எடுத்தேன்.

இருமவே இல்லை. பாலத்துமேல் ஏறியபோது கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டோரத்தில் அந்தப் பின் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு தங்கம்மாவும் மற்றப் பெண்களும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ராவுத்தர் “அல்ஹம்துலில்லாஹ்” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

4. மறுநாள் காலை

மறுநாள் தங்கம்மா வழக்கம்போல் இலைக்கட்டை வண்டி டாப்பில் போடச் சொல்லிவிட்டு ஏற வந்தாள். அந்தோணி வாசலை மறித்து நின்றான்.

“எடமில்லக்கா.”

“என்னடா வெளையாடுற?”

“பின் பெஞ்ச்தான் எடுத்தாச்சே. மத்த சீட்டெல்லாம் நெறஞ்சிருக்கு. மேல ஆள் ஏத்துனா பெர்மிட் போயிடும்க்கா.”

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். “தள்றப்ப எடம் இருந்துச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் கட்டை இறக்கிக் கொடுக்கச் சொன்னாள்.

நான் கியரில் கை வைத்தபடி இருந்தேன். வெட்கமாக இருந்தது. பக்கத்தில் ராவுத்தர் பொடி டப்பியைத் திறக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். பிறகு கதவைத் திறந்து கீழே இறங்கினார்.

“தங்கம்மா, முன்னாடி ஏறு.”

“அது உங்க சீட்டு மொதலாளி.”

“மொதலாளிக்கு ஒரு சீட்டுன்னு எந்த ஆர்டர்லயும் எழுதல. ஏறு, எல வாடுது.”

அவள் கம்பளத்தை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன். ராவுத்தர் ஸ்டாண்டிலேயே நின்றார்.

ஒரு சீட்டால் எல்லோருக்கும் தீர்ந்துவிடவில்லை. அந்தப் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். எல்லார் கட்டும் டாப்பில் ஏறும். முறைக்காரி ஒருத்தி போய் விற்று வருவாள். என் இலையைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டாய் என்று தினமும் சாயங்காலம் சண்டை நடக்கும். ஆனாலும் ஒருத்தி பிழைப்பும் போகவில்லை. ராவுத்தர் மட்டும் தன் பஸ்ஸில் ஏறவே இல்லை. துறையூரில் வேலை இருந்தால் பெரிய கம்பெனி பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போவார். அதில் அவருக்கு எவ்வளவு குமைச்சல் என்று எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆர்டர் பார்த்துவிட்டேன். எந்த ஆர்டரிலும் யார் பெயரும் இருப்பதில்லை. ஆனால் அது எங்கேயோ ஒருத்தர் சீட்டில் போய் விழுகிறது, அநேகமாகப் பின் பெஞ்சில்தான். சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் ஆர்டரைக் கையில் வாங்கியதும் அது யார்மேல் விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நான் ராவுத்தரிடம் கற்றுக்கொண்டது இதுதான்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்ததும் அடுப்பைக் கழற்றினோம். பின் பெஞ்சு திரும்ப வந்தது. அன்று காலை தங்கம்மாவுடைய முறை. முன் கதவைத் திறந்து, முந்தானையால் சீட்டைத் துடைத்து, ஓரமாகக் கிடந்த கம்பளத்தை உதறி விரித்தாள்.

“ஏறுங்க மொதலாளி” என்று சொல்லிவிட்டு, அவள் பின் பெஞ்சுக்குப் போனாள்.