நிற வரிசையில் முப்பத்தைந்து பிளவுஸ் பிட்

மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. மற்றவர்கள் செய்த தவறுகளைக் கண்டுபிடித்து, வரிசை எண் போட்டு, அவர்களுக்கே திருப்பி அனுப்புவேன். மாலையில் கையால் ஏதாவது செய்தால் மனம் லேசாகும் என்று ஒரு தோழி சொன்னதால் துண்டுத் துணிகளை இணைத்துப் பேட்ச்வொர்க் போர்வை தைக்கத் தொடங்கினேன். மனம் லேசாவதற்கு முதலில் ஓர் எக்செல் ஷீட் தேவைப்பட்டது. ஐந்து அங்குலச் சதுரங்கள் எத்தனை, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், தையலுக்கு எவ்வளவு விட வேண்டும், எல்லாம் அதில் இருந்தன. துணி மட்டும் இல்லை.

துணி அம்மாவின் பீரோவில் இருந்தது. பெங்களூர் அல்சூரில் எங்கள் குடியிருப்பில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் வெற்றிலை பாக்கோடு ஒரு பிளவுஸ் பிட் கொடுப்பார்கள். அதை யாரும் தைத்துக்கொள்வதில்லை. அடுத்த விசேஷத்தில் அது வேறொருவருக்குப் போகும். அப்படி வந்து தங்கியவை நாற்பத்தேழு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக மடிந்து, கசங்கி, ஒழுங்கில்லாமல் கிடந்தன. "ரெண்டு மூணு எடுத்துக்கோ" என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் எல்லாவற்றையும் எடுத்து, அயர்ன் செய்து, ஒரே அளவில் மடித்தேன். காட்டன் பன்னிரண்டை வெட்டிக்கொண்டு, மீதியை வெளிர்மஞ்சளில் தொடங்கிக் கரும்பச்சையில் முடியும்படி அடுக்கி வைத்தேன். பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

வரலட்சுமி நோன்பன்று மாலை ஐந்து மணிக்கு அம்மா பீரோவைத் திறந்தாள். ஆறு மணிக்கு வெற்றிலை பாக்கு வாங்கப் பெண்கள் வரத் தொடங்குவார்கள்.

"யார்டி இதைத் தொட்டது?"

"நீட்டா இருக்குல்லம்மா?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாக மடித்தவை மாடி வீட்டு ஆன்ட்டி கொடுத்தவை, நான்காக மடித்தவை எதிர் வீடு, சுருட்டியவை சொந்தக்காரர்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கொடுத்தவருக்கே அவர் துணி போய்ச் சேராமலிருக்க அம்மா வைத்திருந்த குறிப்பு அந்த மடிப்புகள்தாம். அதை நான் நீராவி விட்டு அழித்திருந்தேன்.

"அவங்க குடுத்ததை அவங்களுக்கே குடுத்தா, உன் பொருள் எனக்கு வேணாம்னு மூஞ்சில எறியற மாதிரி. அதுவும் மாடி வீட்டம்மா. கார் நிறுத்தற சண்டைல எட்டு மாசம் பேசாம இருந்துட்டு இன்னைக்குத்தான் வீட்டுக்கே வராங்க."

"ஓடிப்போய் புதுசு வாங்கிட்டு வரட்டுமா?"

"நோன்பன்னிக்கு, அஞ்சு மணிக்கு, இந்த டிராஃபிக்ல? ஞாயித்துக்கிழமை வந்து சேருவே."

லேப்டாப்பில் இன்னொரு எக்செல் ஷீட்டைத் திறந்தேன். வரப்போகும் பதினொரு பெண்கள் மேலே, முப்பத்தைந்து துணிகள் பக்கவாட்டில். அம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்தப் புள்ளி போட்டது எதிர் வீடு. இவ்வளவு மட்டமா குடுக்கறது உங்க அத்தைதான், வேற யாரு." ஐந்தே முக்காலுக்குள் பத்துப் பேருக்கு ஆபத்தில்லாத துணி கிடைத்துவிட்டது. மாடி வீட்டு ஆன்ட்டிக்கு மட்டும் மட்டமானதைக் கொடுக்க முடியாது. ஜரிகை போட்ட நல்ல துணி இரண்டே இருந்தன, ஒன்று மயில்கழுத்து நிறம், மற்றது கத்திரிப்பூ நிறம்.

"மயில்கழுத்து அவங்க குடுத்தது. எனக்கு நல்லாத் தெரியும். கத்திரிப்பூவைத் தட்டுல வை."

இப்படி உறுதியாகப் பேசுகிறவர்களை அலுவலகத்தில் நான் ஒருநாளும் நம்பியதில்லை. வைத்தேன்.

ஆன்ட்டி வந்தார், குங்குமம் இட்டுக்கொண்டார், தட்டை வாங்கினார். வாங்கியதும் துணியின் மூலையைப் பிரித்துப் பார்த்து, தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"ஏன்ரீ, இது நான் குடுத்ததுதானே? பாருங்க, மூலைல நம்ம பச்ச நூலு."

மூலையில் ஒரே ஒரு தையல் இருந்தது. அயர்ன் பெட்டியால் அழிக்க முடியாத குறிப்பு. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"தப்பு என்னோடது ஆன்ட்டி, போர்வை தைக்கறேன்னு நான்தான் எல்லாத்தையும் கலைச்சிட்டேன்" என்றேன். பிறகு வேலைப் பழக்கத்தில் கேட்டேன். "பச்சை நூல்னா என்ன கணக்கு ஆன்ட்டி?"

"நமக்கு வர்ற துணி யார் வீட்டுலேர்ந்து வந்ததுன்னு தெரியணும்ல, அதுக்கு ஒரு கலர்மா. சிவப்பு எதிர் வீடு. மஞ்ச எங்க ஓரகத்தி. பச்ச..." ஆன்ட்டி நிறுத்திக்கொண்டார்.

"பச்ச?" என்றாள் அம்மா.

"பச்ச உங்க வீடு" என்றார் ஆன்ட்டி, தட்டைப் பார்த்தபடி.

அம்மா கொடுத்து, பச்சை நூல் வாங்கி, மாடியிலிருந்து மறுபடி எங்கள் வீட்டுக்கே இறங்கி வந்த துணி அது.

"அப்ப முதல்ல திருப்பிக் குடுத்தது நீங்கதான்" என்றாள் அம்மா.

"நான்தான் ரீ. அவசரத்துல நூலைப் பாக்கல."

"எனக்கு அப்பவே தெரியும். நான்தான் ஒண்ணும் சொல்லல."

அம்மாவுக்குத் தெரியாது என்பது மூவருக்கும் தெரிந்தது. முதலில் சிரித்தது ஆன்ட்டிதான். சிரித்து முடித்ததும் துணியை என் கையில் கொடுத்தார். "இதை நீ வெட்டிடும்மா. வெளிய விட்டா மறுபடி சுத்திக்கிட்டு வரும்."

என் போர்வைத் திட்டத்தில் கத்திரிப்பூ நிறத்துக்கு இடமில்லை என்று சொல்லலாமென்று நினைத்தேன். இருவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்டினேன்.