ஏழு மணிப் பூனைகள்

வார்சினி எங்கள் சந்துக்குக் குடிவந்த முதல் வருஷம் முழுக்க அவளை நான் திட்டியிருக்கிறேன். சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டே, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இதை மறைத்துவிட்டு அவளைப் பற்றிப் பேசினால் என் நாக்கு அழுகிப்போகும்.

அவள் செய்த குற்றம் லேசானதல்ல. எங்கள் மாலாங் ஊரில் ஒருவர் வாசலைக் கடக்கிறவர் கொஞ்சம் குனிந்து, சிரித்து, "மொங்கோ" என்று உத்தரவு கேட்பதுபோல் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கடன்காரன்கூட அப்படித்தான் போவான். வார்சினியோ ஒரு நாள் சொல்வாள், மறுநாள் என்னைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவாள். காலையில் என் கடையில் கீரைமேல் கடலைச் சட்னி ஊற்றிய பெச்செல் சோறு வாங்கிக்கொண்டு அரைமணி நேரம் கதை பேசியவள், மத்தியானம் சந்தையில் நேருக்கு நேர் வந்தும் வாயைத் திறக்க மாட்டாள்.

"சலவைக் கடையில ஊரான் துணிய இஸ்திரி போடுறவளுக்கு இம்புட்டுத் திமிரா?" என்று நான் சொல்ல, சந்தே தலையாட்டியது.

அவளுக்குச் சொந்த ஊர் கெதிரிப் பக்கம். புருஷன் கடல் தாண்டி கலிமந்தானில் நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான், வருஷத்துக்கு ஒரு தடவை நோன்புப் பெருநாளுக்கு வருவான். பத்து வயதில் ஒரே மகள், லாராஸ். அந்தப் பெண் தலையில் எப்போதும் ஒரு சிவப்பு ரிப்பன் இருக்கும். அதுவாவது ஒழுங்காக வணக்கம் சொல்லும் பிள்ளை, அதனால் அதற்கு மட்டும் கடலைச் சட்னி கூடுதலாக ஊற்றுவேன்.

இன்னொரு பக்கம், அதே வருஷத்தில் நான் வேறு ஒருவர்மீது பைத்தியமாக இருந்தேன். யாரென்று தெரியாத ஒருவர்.

எங்கள் சந்தில் மாலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சித் தொடர் ஆரம்பித்துவிட்டால் கதவைத் தட்டினால்கூட யாரும் எழுந்து வர மாட்டார்கள். பெரிய வீட்டு மாமியார் லித்வினா, மகனை மயக்கிய மெய்ஷா, எல்லா ரகசியமும் தெரிந்து வாயைத் திறக்காத நொண்டி டிரைவர் கார்தோ. நாள் தவறாமல் எழுநூறு பகுதி ஓடியாயிற்று. அந்தத் தொடர் பார்க்கிறவர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு உண்டு, நாற்பதாயிரம் பேர். அதில் தினமும் காலையில் ஒரு படம் வரும். போடுகிறவர் பெயர் 'ஏழு மணிப் பூனை' என்று மட்டும் இருக்கும்.

முந்தின நாள் காட்சிதான் படம். ஆனால் ஆட்களுக்குப் பதில் பூனைகள். லித்வினா சாம்பல் நிறக் கிழப்பூனை. மெய்ஷா வெள்ளைப் பூனை, வால் மட்டும் கறுப்பு. கார்தோ எங்கள் தெருப்பூனைகளைப் போல நுனி முறுக்கிய மொட்டை வாலோடு ஒரு வரிப்பூனை. கண்ணுக்கு இரண்டு புள்ளி, அவ்வளவுதான். வாய் கிடையாது, புருவம் கிடையாது. ஆனால் அந்தச் சாம்பல் பூனை வாலை மடக்கித் தன் அடியில் செருகிக்கொண்டு உட்காரும் விதம் இருக்கிறதே, லித்வினா கோபத்தை அடக்கிக்கொண்டு சோபாவில் உட்காரும்போது பாவாடையை முழங்காலுக்கடியில் இழுத்துவிடுவாளே, அச்சு அசல் அது. எழுநூறு நாள் பார்த்தும் அவள் அப்படிச் செய்வதை நான் கவனித்ததே இல்லை. படத்தைப் பார்த்த பிறகு அன்று மாலை பார்க்கிறேன், செய்கிறாள்! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முகத்தைத் துடைத்துவிட்டு ஒரு ஆளை முழுசாகக் கொண்டுவந்து நிறுத்த மனுஷரால் முடியுமா?

மழைக்காலத்தில் ஒரு நாள், துணி காயாத கொடுமையில், அந்தச் சலவைக் கடைக்கு என் மூட்டையையும் அனுப்பினேன். திரும்பி வந்ததைப் பிரித்தால், சட்டைக் கழுத்தில் பின் குத்திய சீட்டில் என் பெயர் இல்லை. ஒரு பூனை இருந்தது. பருத்த செம்பூனை. ஒரு கை இடுப்பில், உடம்பின் பாரம் முழுக்க இடது காலில். எனக்கு வலது முட்டியில் வலி.

கண்ணுக்கு இரண்டு புள்ளி. வாய் இல்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு அப்படியே கடைக்கு ஓடினேன். வார்சினி இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தாள். நான் வாயைத் திறக்கும்வரை யாரோ என்பதுபோல் பார்த்தாள்.

"இதை வரைஞ்சது யாருடி?"

குரல் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "பொனிரா அக்காவா? மன்னிச்சுக்குங்க. உங்களைக் கிண்டல் பண்ண வரையல. எனக்கு வேற வழி தெரியல."

"வழியா? என்ன வழி?"

"எனக்கு மூஞ்சி நிக்காதுக்கா," என்றாள். "பாக்கும்போது தெரியும். கண்ணை எடுத்தா போயிடும். எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க. சின்னதுல இருந்தே இப்படித்தான். நடை, நிக்கிற விதம், குரல், அது மட்டும் மறக்காது. சீட்டுல பேர் எழுதினா யாருன்னு தெரியாது. பூனையாப் போட்டா, ஆள் கடைக்குள்ள நடந்து வரும்போதே மூட்டையை எடுத்துடுவேன்."

புருஷன் பெருநாளுக்கு வரும்போது ரயிலடியில் சீட்டியடித்துக்கொண்டே இறங்குவானாம், அப்போதுதான் அவளுக்குத் தெரியுமாம். தொடரில் யார் யாரென்று கேட்டுக் கேட்டு மகளை நச்சரித்ததில், அது அலுத்துப்போய், "நீயே அடையாளம் வச்சுக்கோம்மா" என்றிருக்கிறது. அப்படி ஆரம்பித்தவைதான் அந்தப் பூனைகள். குழுவில் போட்டது லாராஸ்.

"அப்போ சந்தையில என்னைத் தாண்டிப் போனியே?"

"நீங்க உக்காந்திருந்தீங்களா? உக்காந்திருந்தா தெரியாதுக்கா."

ஆமாம், அன்று மீன்காரி பக்கத்தில் உட்கார்ந்துதான் இருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமும்தான். ஒரு வருஷமாக நான் காலையில் கையெடுத்துக் கும்பிட்டதும் அவளை, மத்தியானம் திட்டியதும் அவளை.

என் வாயில் எதுவும் தங்காது. மாலைக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் பத்துப் பேர் தங்கள் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சந்துத் தலைவர் குனாடி, நாங்கள் மரியாதையாக பாக் குனாடி என்போம், தன் பூனையைப் பார்த்தார். பின்னால் கை கட்டி, வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்து வரும் கறுப்புப் பூனை.

"நான் இப்படியா நடக்கிறேன்?" என்றார்.

"இப்போவும் அப்படித்தான் நிக்கிறீங்க," என்றாள் அவர் மனைவி.

ஜூலைக் கடைசியில் அவர்தான் முடிவு செய்தார். ஆகஸ்ட் சுதந்திர தின ஊர்வலத்துக்கு எங்கள் சந்துப் பிள்ளைகள் பதினேழு பேரும் வார்சினியின் பூனைகளாகப் போக வேண்டும். காகிதக் கூழில் தலையை முழுக்க மூடும் முகமூடி, கழுத்திலிருந்து கால்வரை துணி, கைக்கு உறை, பஞ்சடைத்த வால். ஊர்வலம் முடியும் இடத்தில் ஒரு போட்டியும் வைத்தார்: அம்மாக்கள் ஆளுக்கொரு பூனையின் கையைப் பிடிக்க வேண்டும், சொந்தப் பிள்ளையைப் பிடித்தவளுக்கு ஒரு பிளாஸ்டிக் பேசின். யாருக்கு எந்த முகமூடி என்பது என் கடையில் சீட்டுப் போட்டு முடிவாகும். அம்மாக்களுக்குச் சொல்லக் கூடாது.

அவர் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார். ஜூலையில் பள்ளிக்கூடம் திறந்த அன்று நடந்தது அவருக்குத் தெரியாது.

அன்று லாராஸ் விளையாட்டில் ரிப்பனைத் தொலைத்துவிட்டாள். வாசலில் நூறு பிள்ளைகள், எல்லாரும் சீருடையில். வார்சினி அவளைத் தாண்டிப் போய், சிவப்பு ரிப்பன் கட்டிய வேறொரு பெண்ணின் கையைப் பிடித்து, "வா கண்ணு, போலாம்" என்றாள். அந்தப் பெண் அலறியது. பிள்ளைகள் சிரித்தார்கள். உன்னை உங்க அம்மாவுக்கே தெரியலையே என்று மறுநாள் முழுக்கக் கேட்டார்கள். அதிலிருந்து லாராஸ் தாயிடம் பேசுவதில்லை.

என்னிடம் பேசினாள். முகமூடிக்கு நான் பசை தடவும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "டிவியில வர்றவங்க வால் நுனி வரைக்கும் அம்மாவுக்குத் தெரியுது. என்னைத்தான் தெரியல," என்றாள். "போட்டியில வேற பிள்ளையப் பிடிச்சாங்கன்னா நான் அப்பாகிட்டப் போயிடுவேன். பெரியப்பா வீடு அங்க இருக்கு. அப்பாகிட்டப் போன்ல சொல்லிட்டேன், சரின்னுட்டாரு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துணிகளை மடித்து வைத்துவிட்டிருந்தாள்.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் வார்சினி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எந்தப் பூனைன்னு மட்டும் சொல்லிடுங்க. தப்பான கையப் பிடிச்சேன்னா என் பிள்ளை போயிடும்."

சொல்லக் கூடாது என்று பாக் குனாடிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டு நிமிஷம் தாங்கினேன்.

"மெய்ஷா," என்றேன். "வெள்ளைப் பூனை. கறுப்பு வால். கண்ணை மூடிக்கிட்டுப் பிடி."

மறுநாள் காலை பத்து மணிக்கு மேளச் சத்தத்தோடு ஊர்வலம் சந்து முனைக்கு வந்தது. நான் எத்தனையோ ஊர்வலம் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கையகலச் சீட்டில் கிறுக்கியவை ஆளுயரத்துக்கு எழுந்து தெருவில் நடந்து வருகின்றன. லித்வினா வருகிறாள், கார்தோ நொண்டி நொண்டி வருகிறான். ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பக்கத்துப் பேட்டைக் கிழவர் ஒருவர் லித்வினா பூனையைப் பார்த்து, "மருமகளை அழ வச்சது போதும்டி!" என்று கையை ஓங்கினார். வார்சினி மட்டும் தலைத்துணி நுனியை வாயில் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

விசில் அடித்ததும் அம்மாக்கள் பாய்ந்தார்கள். அதைச் சொல்லி மாளாது. முகம் தெரிந்த பதினாறு பெண்களும் முகம் இல்லாத இடத்தில் முட்டிக்கொண்டார்கள். பாக் குனாடியின் மனைவி இரண்டு பூனைகளை மாறி மாறிப் பிடித்தாள், இரண்டும் அவள் மகன் இல்லை.

வெள்ளைப் பூனை வார்சினிக்கு நேர் எதிரே நின்றது. "அதோ, பிடி," என்று விலாவில் இடித்தேன். அவள் நகரவில்லை. வெள்ளைப் பூனையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதைத் தாண்டி நடந்தாள்.

"அடியே, எங்க போறே? வெள்ளை! வெள்ளை!" என்று கத்தினேன். வாக்கு, போட்டி எதுவும் எனக்கு ஞாபகமில்லை. ஓடிப்போய் அவள் கையை இழுத்தேன். உதறிவிட்டாள்.

வரிசையின் கடைசியில் கார்தோ நின்றிருந்தான். முறுக்கிய வால், வளைந்த கால். வார்சினி போய் அந்த உறை போட்ட கையைப் பிடித்தாள். "வா கண்ணு, போலாம்," என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. பூனை அசையாமல் நின்றது. வார்சினி இரண்டு கையாலும் அந்தப் பெரிய தலையைத் தூக்கினாள்.

உள்ளே லாராஸ். வியர்த்து, ரிப்பன் இல்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"எப்படிம்மா?" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு தாயிடம் பேசிய முதல் வார்த்தை. "நான் கார்தோ மாதிரிதானே நொண்டினேன்."

"நொண்டினே. ஆனா நின்னதும் இடது பாதத்தைத் தூக்கி வலது பாதத்து மேல வச்சுக்கிட்டே. நடக்கப் பழகின நாள்ல இருந்து அப்படித்தானே நிப்பே." வார்சினி அழுதுகொண்டே சொன்னாள். "அன்னிக்குப் பள்ளிக்கூட வாசல்ல பயத்துல ரிப்பனைத் தேடினேன் கண்ணு. உன்னைத் தேடல. அது என் தப்பு."

லாராஸ் பூனை உடம்போடு தாயைக் கட்டிக்கொண்டாள். பஞ்சு வால் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. நான் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன், "ஏண்டி, சீட்டுல உனக்கு மெய்ஷாதானே விழுந்துச்சு?"

"ஊர்வலம் கிளம்பின மைதானத்துல மாத்திக்கிட்டேன் அத்தை. உங்க வாய் எனக்குத் தெரியாதா?"

பேசினை வார்சினிதான் வென்றாள். அதில்தான் இன்றைக்கும் துணி ஊற வைக்கிறாள்.

அதன்பிறகு எங்கள் சந்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாரும் கூடிப் பேசி வைத்ததில்லை. அவள் வாசலைக் கடக்கிறவர் குனிந்து, "மொங்கோ, நான் பொனிரா," "மொங்கோ, நான் குனாடி," என்று பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் இதென்ன வழக்கம் என்று விழிப்பார்கள். அவள் சிரித்து, பெயர் சொல்லிப் பதில் சொல்வாள்.

லாராஸ் மட்டும் சொல்வதில்லை. பள்ளிக்கூடம் விட்டுச் செருப்பைக் கழற்றி, பூனைபோலச் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பாள். வார்சினி இஸ்திரியிலிருந்து தலையைத் திருப்பக்கூட மாட்டாள்.

"வந்துட்டியா? கையக் கழுவிட்டுச் சாப்பிடு," என்பாள்.