துரைசாமியின் வளையல்கள்

தேங்காய் நாரும் சாம்பலும் வைத்து அத்தை அந்தக் கல்லறையைத் தேய்த்த காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பாசி உரிய உரிய, உள்ளேயிருந்து இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. "என்ன எழுதியிருக்குன்னு படிங்க டீச்சர். தொர பேரச் சொல்லி சூடம் காட்டணும்ல" என்றார் அத்தை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து அண்ணன் மகள் என்பது போய், அவர் வாயில் நான் டீச்சர்தான். பாதி பெருமை, பாதி கிண்டல்.

இலங்கை மலையகத்தில், தெமோதரை ஸ்டேஷனிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். அதன் உச்சியில், டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே, வெள்ளைக்காரர்களின் சின்ன மயானம். பதுளை டவுனுக்கு ஒழுங்கான பாதை இல்லாத, தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் காய்ச்சலில் விழுந்தவர்களை அங்கேயே புதைத்திருக்கிறார்கள். மிச்சமிருந்தவர்கள் சீமைக்குத் திரும்பிய பிறகு யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள்தான் ஓரத்துச் சிலுவைக் கல்லறைக்குத் தொரசாமி என்று பெயர் வைத்து, சாராயமும் சுருட்டும் படைத்து, வேண்டியதைக் கேட்டு வந்தார்கள். உயிரோடு இருந்த துரைமாரிடம் கேட்டு எதுவும் கிடைத்ததாக நான் அறியேன். அதற்கு இவர் எவ்வளவோ தேவலை.

அத்தை கேட்டது ஒரு பேரப்பிள்ளை. கல்யாணமாகிப் பல வருடம் காத்திருந்த அவர் மகள், வேண்டிக்கொண்ட மறு வருடமே கருவுற்றாள். நேர்த்திக்கடனை முடிக்கத்தான் போத்தலும் கையுமாக வந்திருந்தோம்.

நான் படித்தேன். அது துரையே இல்லை. துரையின் மனைவி. இருபத்திரண்டு வயது.

"அடி ஆத்தே! பொம்பளப் புள்ளைக்கா இத்தன வருசமா சாராயம் ஊத்துனோம்?" என்று அத்தை போத்தலை அவசரமாக முந்தானைக்குள் மறைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படிச் செத்துச்சாம்?" என்று கேட்டார். மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். பிரசவத்தில், குழந்தையோடு.

அத்தை அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "இங்க வந்தா வேண்டிக்கிட்டேன்? என் புள்ளைக்கும் இப்படி ஆயிருமோ?" அவர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததே இல்லை.

மகளின் வளைகாப்பு முடிந்த மறுநாள், மிஞ்சிய கண்ணாடி வளையல்களோடு என்னையும் கூட்டிக்கொண்டு மேலே போனார். "இவளுக்கு யாரு போட்டுவிட்டிருப்பா? ஆத்தாகாரி சீமையில கெடந்திருப்பா" என்றார். சிலுவையின் கை தடிமனாக இருந்ததால் வளையல்களை மஞ்சள் நூலில் கோத்துக் கட்டினார். இப்போது வேலியும் பெயர்ப்பலகையும் போட்டிருக்கிறார்கள். படம் எடுக்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் அந்த வளையல்களைப் பார்த்து விழிக்கிறார்கள்.

பேத்தி பிறந்த அன்று, பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய அத்தை வீட்டுக்குள்கூட நுழையவில்லை. நேராக மலையேறினார். நான் பின்னாலேயே ஓடினேன். சிலுவையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவர், பக்கத்து லயத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுவதுபோலச் சொன்னார்:

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க தாயி. நீ கவலப்படாத."