கொள்ளு டின்னுக்குப் பூட்டு

மேற்குத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டிய அத்தாவுல்லா, தன் வீட்டுப் பின்புறத்து அருகம்புல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சவாரியைக்கூடக் கோட்டை விட்டுவிடுவான். மற்ற வண்டிக்காரர்கள் கட்டுப்புல் வாங்கி மூக்கால் அழுதுகொண்டிருக்க, இவன் மட்டும் குதிரை போட்ட லத்தியையே புல்லுக்கு உரமாகப் பரப்பினான். வளர வளர அறுத்து அதே குதிரைக்குப் போட்டான்.

"மச்சான், உன் புல்லப் பாத்தா எனக்கே மேயணும்போல கீது" என்பான் பக்கத்து வண்டிக்கார லாசரஸ். அத்தாவுல்லாவுக்குத் தலைகால் புரியாது.

அரிசி கிடைக்காமல் ஊரே திண்டாடிய அறுபத்து நாலாம் வருஷத்தில், மழைக்குப் பிறகு, அவன் குதிரை சுல்தான் இளைக்க ஆரம்பித்தது. விலா எலும்பு துருத்திக்கொண்டது. வயிறு மட்டும் பானைபோலத் தொங்கியது. குரோம்பேட்டை போவதற்குள் நாலு இடத்தில் நின்றது. சாட்டையால் விளாசினான், தேறவில்லை. தினமும் கொள்ளு வைத்தும் குதிரை தேறவில்லை என்றால், கொள்ளு வேறு யார் வயிற்றுக்கோ போகிறது. அந்த மகா புத்திசாலியின் யோசனை இவ்வளவுதான். வீட்டில் கொள்ளு வேகவைப்பவள் அவன் மனைவி ஜஹீரா. அவளும் அந்த வருஷம் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தாள். அது அவன் கண்ணில் படவில்லை.

கொள்ளு டின்னுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான். அப்படியும் குதிரை இளைத்தது. வெந்த கொள்ளை ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து தன் கண்ணெதிரில் வைக்கச் சொன்னான். ஒரு நாள் காலை, அத்தனை வண்டிக்காரர்களுக்கும் முன்னால், "முந்தானைய ஒதறுடி" என்றான்.

உதறினாள். இரண்டு கொள்ளு மணி கீழே விழுந்தது.

"பாத்துக்கோங்கடா! வூட்லயே திருடி வெச்சிகினு கீறேன்!"

"வடிக்கச்சொல்ல ஒட்டிக்கினதுங்க. சத்தியமா ஒரு மணிகூட வாயில போடல."

யாரோ சிரித்தார்கள். அன்று சாயங்காலமே அவளைப் படப்பையில் இருந்த தாய்வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டான்.

பிறகு அவனே வேகவைத்தான், அவனே ஊட்டினான். சுல்தான் ஒரு நாள் நடுரோட்டில் வண்டியோடு மண்டி போட்டு விழுந்தது. பழி போட வீட்டில் ஆள் இல்லாததால் மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

டாக்டர் ஸ்ரீரங்கன் குதிரையின் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. அது போட்ட லத்தியைக் குச்சியால் கிளறினார். வெள்ளை வெள்ளையாக நெளிந்தது.

"வயிறு பூரா புழு. நீ போடற தீனியெல்லாம் அதுகளுக்குத்தான் போறது. புல் எங்கே வாங்கறே?"

அத்தாவுல்லா தன் புல்லின் பெருமையைச் சொன்னான்.

"அட பாவி! லத்தியில முட்டை வரும். குஞ்சு பொரிச்சுப் புல்லுல ஏறும். நீ அதை அறுத்து மறுபடி ஊட்டியிருக்கே."

மூக்கு வழியாக ரப்பர் குழாயை விட்டு மருந்து இறக்கினார். லத்தியைத் தினமும் அள்ளித் தொலைவில் குவித்து மக்கவிட வேண்டும், அந்தப் புல்லைத் தொடவே கூடாது, சொன்ன நாளில் மறுபடி வந்து மருந்து கொடுக்க வேண்டும் என்றார். மறுநாள் புழுக்கள் கொத்துக் கொத்தாக வெளியே வந்தன. டாக்டர் சொன்னதில் ஒன்றையும் அவன் தவறவிடவில்லை. கோடைக்குள் சுல்தானின் உடம்பு மினுமினுத்தது.

அந்த வண்டியிலேயே படப்பைக்குப் போனான். ஜஹீரா வாசலுக்கு வந்தாள்.

"குதிரைக்குப் புழுவாம். டாக்டரே சொல்லிட்டாரு. உம்மேல தப்பு இல்ல, வா போலாம்" என்றான், ஏதோ இவன்தான் அவளை மன்னிப்பதுபோல.

"கொள்ளு வேகச்சொல்ல எனக்கு எவ்ளோ பசிக்கும் தெரியுமா?" என்றாள் அவள். "ஒரு பிடி எடுத்தா யாருக்குத் தெரியும்னு தெனம் நெனப்பேன். வாயில்லா ஜீவனாச்சேன்னு எடுக்கல." சுல்தானை ஒரு முறை பார்த்தாள். "புழு தின்னதுக்கு நானாவது தின்னு தொலைச்சிருக்கலாம்."

கதவைச் சாத்திக்கொண்டாள். எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை.

காலி வண்டியோடு தாம்பரம் திரும்பினான். சுல்தான் சிட்டாகப் பறந்தது, சாட்டைக்கு வேலையே வைக்கவில்லை. ஆனாலும் அத்தாவுல்லா வழி முழுக்க அதை அடித்துக்கொண்டே வந்தான்.