ஓடைக்குள் உட்கார்ந்த பிள்ளையார்

செங்கம் சாலைப் பக்கம் வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் கண்ணாயிரத்துக்கு, வீட்டை ஒட்டி இறங்கும் மலை ஓடையைக் கண்டாலே எரிச்சல். ஓடை என்றால் ஓட வேண்டாமா? வருஷத்தில் பாதிக்கு மேல் உருண்டைக் கல்லும் முள்ளுமாகப் படுத்துக் கிடக்கும். ஐப்பசியில் மலையுச்சியை மேகம் மூடினால், செம்மண் குழம்பாகப் பாறைக்குப் பாறை குதித்து வரும். பிறகு தெளிந்து, மெலிந்து, தை பிறப்பதற்குள் மணலுக்குள் போய்விடும். இப்படிப்பட்ட சோம்பேறிக்கு இவ்வளவு அகலம் எதற்கு என்பது அவருடைய நியாயம்.

பாதி ஓடையைத் தூர்த்து, வீட்டோடு சேர்த்து இரண்டு அறை கட்டினார். யாரும் இடிக்க வராமலிருக்க ஊரறிந்த உபாயம் ஒன்று உண்டே! அறைகளுக்கு முன்னால் தண்ணீர் வரும் பக்கத்தில், ஓடை நடுவில் கனத்த மேடை போட்டு ஒரு பிள்ளையாரை உட்கார வைத்தார். அளக்க வந்த அதிகாரிகள் செருப்பைக் கழற்றினார்கள், விபூதி பூசிக்கொண்டார்கள், சுண்டலோடு திரும்பிப் போனார்கள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். கண்ணாயிரத்துக்கு வந்த வம்பு வேறு. அவர் பிடித்தது நிஜமாகவே பிள்ளையார் ஆகிவிட்டது. எதிர்வீட்டுப் பச்சையம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாள். கல்யாணமாகி வருஷக்கணக்காகக் காத்திருந்த எழிலரசி, கண்ணாயிரத்தின் மகள், அம்மா அங்கே வேண்டிக்கொண்ட பிறகு முழுகாமல் இருந்தாள். மனைவி சந்திரம்மாள் அதற்குமேல் யார் சொல்லையும் கேட்பாளா?

அந்தக் கார்த்திகையில் மழை விடவில்லை. இறங்கி வந்த வெள்ளம் மேடையில் முட்டித் திரும்பி, நேரே கண்ணாயிரத்தின் கூடத்துக்குள் நுழைந்தது. அப்பா கட்டிய மண்சுவர் வீடு. ஊறினால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். மனிதர் கடப்பாரையோடு மேடைக்கு ஓடினார்.

பச்சையம்மாள் குறுக்கே நின்றாள். "சாமி மேல கைய வெக்கலாமாங்க?"

"சாமியுமில்ல ஒண்ணுமில்ல. எடம் புடிக்க நான் வெச்ச பொம்ம அது. தள்ளு."

ஓடை விஷயத்தில் அவர் சொன்ன முதல் உண்மை அது. யார் நம்பினார்கள்? "வூட்டுல தண்ணி பூந்ததுல பாவம், பேச்சு தடுமாறுது" என்றாள் பச்சையம்மாள்.

சந்திரம்மாள் மட்டும் நம்பினாள். கூடக் குடித்தனம் நடத்தியவள் அல்லவா. அவர் கையிலிருந்த கடப்பாரையை வாங்கிக்கொண்டாள்.

"பொம்மைய வெச்சது நீங்க. நான் வேண்டிக்கிட்டது சாமிகிட்ட."

முழங்கால் தண்ணீரில் வீட்டுக்குள் நடந்து போய், கூடத்தையும் புது அறையையும் பிரிக்க அவர் எழுப்பிய சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். சிக்கனமாகக் கட்டிய சுவர் அதிகம் அடம்பிடிக்கவில்லை. தண்ணீர் புது அறைகளுக்குள் பாய்ந்து, பின்கதவைத் தள்ளிக்கொண்டு தன் பழைய வழியில் போனது.