பெரிய வெள்ளிக்கு ஒரு சுருதி

ஆண்டவரில் அன்பானவர்களே, 2002 தவக்காலத் தொடக்கத்தில் என் குரல் போனது.

ஒன்பது வயதில் ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் சேர்ந்தவன் நான். பிற்பாடு பகலில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக விதிமுறைகளைக் காப்பாற்றினேன். மாலையில் மீன் விற்பவர்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் பாடக் கற்றுக்கொடுத்தேன். ஓய்வுக்குப் பின் பாட்டு மட்டுமே மிஞ்சியது. அதுவும் கரகரத்து, வெறும் காற்றாகிவிட்டது. குரல்நாணில் கட்டி என்றார் மருத்துவர். வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். வாயே திறக்கக் கூடாது என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி மேரிக்கு அப்போதுதான் வீட்டில் அமைதி கிடைத்தது. அவளோ அழுதுகொண்டே இருந்தாள். நான் முறைப்படி ஜெபித்தேன். ஒன்பது நாள் நவநாள் ஜெபம், என் பெயருக்கு ஒப்புக்கொடுத்த பூசை, மெழுகுவர்த்தி, எதையும் விடவில்லை. மேலிடத்துக்கு ஒரு மனு, பிறகு நினைவூட்டல், பிறகு அந்த நினைவூட்டலைச் சுட்டிக்காட்டி இன்னொரு நினைவூட்டல். இப்படித்தான் எனக்குக் கேட்கத் தெரியும்.

குருத்து ஞாயிறுக்கு முன்பு முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. மருத்துவமனை வராந்தாவிலேயே மேரி முழந்தாளிட்டாள்.

“இனி மெதுவாப் பேசலாம். வந்தா, பாடவும் பாடலாம்” என்றார் மருத்துவர்.

வந்தால்! வீட்டில் முயன்றேன். சைக்கிள் டியூபில் காற்று இறங்கும் ஓசைதான் வந்தது. உயிர் பிழைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டியவன் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்ததும் எங்கள் கோயிலில் ஆர்மோனியத்தை மூடிவிடுவோம். சனிக்கிழமை இரவுப் பாஸ்கா திருவிழிப்பு வரை வாத்தியம் கிடையாது. பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாடலின் முதல் அடியைக் குழுத் தலைவர் வெறுங்குரலில் எடுக்க வேண்டும். மற்றவர்கள் அந்தச் சுருதியைப் பிடித்துத் தொடர்வார்கள். தலைவர் நான்தான்.

அந்த வெள்ளியன்று என் பக்கத்தில் பிலோமினா நின்றாள். மீன் விற்பவள், குழுவில் மூத்த குரல். நீ எடு என்று சைகை காட்டினேன்.

“நானா? நான் எடுத்தா வஞ்சிரம் கூவி விக்கிறாப்ல கீதும்பாங்க. நீயே எடு சாரு. வரலன்னா இன்னா, ஆண்டவரு கோச்சிக்கினா பூடுவாரு?”

அருட்தந்தை சிலுவையை உயர்த்தினார். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. மனு எழுத அவகாசமில்லை. “ஆண்டவரே, ஒரே ஒரு ஸ்வரம்” என்று மனதுக்குள் கெஞ்சி, வாயைத் திறந்தேன்.

வந்தது. பழைய குரல் இல்லை. வெகு கீழே, கரகரப்பாக, ஆனால் சுருதி சுத்தமாக வந்தது. குழு பிடித்துக்கொண்டது. பின்வரிசையில் வருடக்கணக்காக வாயை மட்டும் அசைத்துவந்த ஆண்கள் பாடினார்கள். வாசலில் நின்றவர்கள் பாடினார்கள். எனக்கு முன்னால் ஒருநாளும் பாடியிராத மேரி பாடினாள்.

வெளியே வந்ததும் பிலோமினா பிடித்துக்கொண்டாள். “இன்னா சாரு, இத்தினி வர்சமா எங்க கழுத்த நெரிச்சிகினா இருந்த? இன்னிக்கித்தான் மூச்சு வுட்டுப் பாடுனோம்!”

என் குரலுக்கென்று நான் வைத்த உயர்ந்த சுருதி மற்றவர்களுக்கு எட்டவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பாஸ்காவன்று ஆர்மோனியத்தைத் திறந்தபோதும் அதே கீழ்ச் சுருதியில்தான் வைத்தேன். இன்றுவரை அதுதான். என் ஒரு குரலைக் கேட்டேன். அவர் கோயில் முழுவதற்கும் கொடுத்துவிட்டார்.

பதில் வராமல் தவிப்பவர்களே, வார்த்தை கோக்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். வாயைத் திறந்து கேளுங்கள். என் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீடு செய்யும் உத்தேசம் இல்லை, ஆண்டவரே. நன்றி.